ஆறாவது பாட்டில்

வித்துரா
3 மார்ச் 2024

அன்புள்ள கிரீஷுக்கு,

அக்கா எழுதுகிறேன். சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இருமல் விட்டதா? வலியசாலை வீட்டில் ஒற்றையாளாக இருந்துகொண்டு மூன்று வேளையும் கடைப் பரோட்டாவையே தின்றால் எந்த இருமல் விடும்?

என் போன் ஏன் அணைந்தே கிடக்கிறது என்று அத்தானிடம் கேட்டாயாம். திறந்தால் சாம்புதான் வருகிறான். நான் தேடாவிட்டாலும் அதுவாகவே அவன் படங்களைக் கோத்து, பாட்டுப் போட்டு, 'நினைவுகள்' என்று தலைப்பு வைத்துக் காட்டுகிறது. இரண்டு மாதக் குழந்தைக்கு என்ன பெரிய நினைவுகள்? அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். நீயும் நேரில் வராதே. கோபித்துக்கொள்ளாதே, அவன் நெற்றி உன் நெற்றி. கடிதம் எழுது. பதில் போடுகிறேன்.

ஒரு காரியம் ஆகவேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். பால் மாவு கரைத்த தண்ணீரில் நைட்ரேட் இருந்திருக்கிறது. அது குழந்தையின் ரத்தத்தைக் காற்றைப் பிடிக்க விடாமல் செய்துவிட்டது. அந்த நைட்ரேட் எங்கள் கிணற்றுக்கு எப்படி வந்தது? வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஜெபசிங் குத்தகைக்கு எடுத்து ஏத்தன் வாழை போட்டிருக்கிறார். மூட்டை மூட்டையாக யூரியா இறக்குகிறார். மழை பெய்தால் எல்லாம் கீழே எங்களுக்குத்தான். இந்த வீட்டு வரிசையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், அவர் வாழைக்குலையை இங்கே யாரும் வாங்குவதில்லை.

ஆற்றுத் தண்ணீரைப் பார்த்து அது யார் வீட்டு அழுக்கு என்று சொல்லும் படிப்பு உன் படிப்பு என்று கல்யாண வீட்டில் அத்தானிடம் அளந்தாயே, அதை இப்போது செய். சாம்புவைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரியவேண்டும், கிரீஷ். அது தெரியாமல் எனக்குத் தூக்கம் இல்லை.

உன் அக்கா,
திவ்யலட்சுமி


வலியசாலை
9 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

இருமல் விட்டுவிட்டது, பரோட்டாவை நான் விடவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்து வருடக்கணக்காகிறது. கவரைப் பிரிக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். நீ கூப்பிடும்வரை வரமாட்டேன்.

நீ கேட்டதைச் செய்யலாம். நைட்ரேட்டுக்குள் நைட்ரஜன் இருக்கிறது. அதில் லேசானது, கொஞ்சம் கனமானது என்று இரண்டு வகை உண்டு. குணம் ஒன்றுதான், எடைதான் வேறு. யூரியாவைக் காற்றிலிருந்து செய்கிறார்கள். அதனால் காற்றில் கனமானது எந்த அளவோ ஏறக்குறைய அதே அளவுதான் யூரியாவிலும் இருக்கும். கக்கூஸ் குழியிலும் சாணக் குழியிலும் கிடந்து வருவது அப்படியல்ல. அங்கே லேசானது நாற்றமாகக் கிளம்பிப் போய்விடும், கனமானது தங்கிவிடும். தண்ணீரிலிருக்கும் நைட்ரேட்டை எடுத்து இந்த எடைக் கணக்கைப் பார்த்தால், அது உர மூட்டையிலிருந்து வந்ததா குழியிலிருந்து வந்ததா என்று சொல்லலாம். நீங்கள் தோடு என்று சொல்லும் ஓடை போய்ச் சேரும் வாமனபுரம் ஆற்றில் நாங்கள் செய்துகொண்டிருப்பது இதே வேலைதான்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். பதில் ஜெபசிங்காகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதே. மெஷினுக்கு யார் மேலும் கோபம் கிடையாது.

என்னுடன் வேலை செய்யும் பிரஜின் ஐஸ் பெட்டியோடு வருவான். ஐந்து இடத்தில் தண்ணீர் வேண்டும்: உங்கள் கிணறு, பாறை மேல் ஊற்று, வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடை, வாழைத் தோட்டத்துக்கு மேலே தோடு, கீழே தோடு. அவனே எடுத்துக்கொள்வான். ஆனால் நீதான் எடுப்பேன் என்று நிற்பாய், எனக்குத் தெரியும். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டு நிரப்பு. கிணற்றுத் தண்ணீரை இப்போதைக்கு எந்தக் குழந்தைக்கும் கொடுக்கவேண்டாம் என்று வரிசையில் சொல்லிவை.

ஒழுங்காகச் சாப்பிடு.

தம்பி,
கிரீஷ்


வித்துரா
18 மார்ச் 2024

அன்புள்ள கிரீஷுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அங்கேயும் அப்படித்தான் இருக்கும். தொப்பி போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கு.

உன் பிரஜின் நல்ல பையன். பாறையில் நான் ஏறும்போது, "சேச்சி, வேண்டா, வழுக்கும், ஞான் எடுக்காம்" என்று கூடவே கெஞ்சிக்கொண்டு வந்தான். நான் கேட்கவில்லை. ஐந்தையும் என் கையால்தான் நிரப்பினேன். ஜெபசிங்கிடம் அவன் போன் நம்பர் வாங்கிக்கொண்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்துக்குள் போக அனுமதி வேண்டுமாம். கொலைகாரனிடம் என்ன அனுமதி?

பெட்டியைத் திறந்தால் ஆறு பாட்டில் இருக்கும். பிரஜினிடம் காலியாக ஒன்று மிச்சம் இருந்தது, கேட்டு வாங்கினேன். அதில் இருப்பது சாம்புவுக்குக் கொடுத்த தண்ணீர். அன்றைக்கு எப்படிச் செய்வேனோ அப்படியே செய்து ஊற்றியிருக்கிறேன். அம்மா நமக்குச் செய்தது நினைவிருக்கிறதா? பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி. எனக்குப் பால் சுரக்கவில்லை, அதையாவது சரியாகச் செய்யவேண்டும் என்று ஒரு வேளைகூடச் சோம்பல் பட்டதில்லை. ஆபரேஷன் தையல் இழுக்க இழுக்க அடுப்படியில் நின்றிருக்கிறேன். அவ்வளவு காய்ச்சியும் அந்த விஷம் சாகவில்லை என்று நீ காகிதத்தில் எழுதித் தரவேண்டும். பஞ்சாயத்தில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். ஆறாவது பாட்டிலை முதலில் பார்.

அக்கா


வலியசாலை
29 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, திட்டாதே. அந்த மெஷின் இங்கே கிடையாது, வெளியூருக்கு அனுப்பி முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். நான் சுகம். அத்தானுக்கு விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை எப்படிப் போகிறது? ஞாயிற்றுக்கிழமை வருகிறாரா?

முடிவு வந்துவிட்டது. எப்படி எழுதினாலும் உனக்குக் கோபம் வரும், அதனால் நேராகவே எழுதுகிறேன். உங்கள் கிணற்றில் இருப்பது யூரியா இல்லை. கனமான நைட்ரஜன் நிறைய இருக்கிறது, சாக்கடைத் தண்ணீரோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஐந்து சென்ட், ஐந்து சென்டாக வீடு கட்டியிருக்கிறீர்கள். எல்லோர் வீட்டிலும் கிணறு ஒரு மூலை, கக்கூஸ் குழி ஒரு மூலை. ஒருவர் குழி இன்னொருவர் கிணற்றுக்கு மேடு. பல வருடமாக மண்ணுக்குள் இறங்கிச் சேர்ந்தது இது. ஒருத்தர் பெயரைச் சொல்ல முடியாது, உங்கள் வீட்டுக் குழியும் இதில் உண்டு. ஜெபசிங்கின் உரம் தோட்டில் கொஞ்சம் தெரிகிறது, கிணற்றில் தெரியவில்லை.

கிணற்றில் நைட்ரேட் அனுமதித்த அளவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்கிறது. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அந்தத் தண்ணீர் கூடவே கூடாது. பாறை ஊற்றில் கொஞ்சம் இருந்தாலும் அளவுக்கு உள்ளேதான் இருக்கிறது, அதைக் குடிக்கலாம்.

ஆறாவது பாட்டில் வழியில் உடைந்துவிட்டதாம். அதைப் பார்க்க முடியவில்லை.

கிரீஷ்


வித்துரா
6 மே 2024

கிரீஷுக்கு,

சுகமாக இரு. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவேண்டாம்.

ஜெபசிங் உனக்கு எத்தனை குலை அனுப்பினார்? வீட்டுக்கு வீடு குழி என்றால் என்ன அர்த்தம்? எல்லோரும் செய்தார்கள், அதனால் யாரும் செய்யவில்லை என்றா? இதற்குத்தானா அரசாங்கப் பணத்தில் படிக்கிறாய்? பக்கத்து வீட்டு எலிசாள் கேட்கிறாள், அவள் பேத்தி கைக்குழந்தையில் இதே கிணற்றுத் தண்ணீரில் பால் மாவு கலக்கித்தான் வளர்ந்தாள், அதுவும் சும்மா சூடாக்கின தண்ணீர். அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு ஆகாதது என் பிள்ளைக்கு ஏன் ஆனது? நான் காய்ச்சியல்லவா கொடுத்தேன்?

இன்னொன்று. பிரஜின் கொண்டுவந்தது பிளாஸ்டிக் பாட்டில். நான் பாறையில் ஒன்றைக் கை தவறிப் போட்டேன், உருண்டு தோட்டில் விழுந்தது, எடுத்து அலசி அதிலேயே தண்ணீர் பிடித்தேன். அது எப்படி உடையும்?

அடுத்த வரிசையில் பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வள்ளியூர்ப் பக்கத்துப் பெண், பொன்முடி ரோட்டில் ஒரு ஹோட்டலில் ரூம் கூட்டும் வேலை. போய்ப் பார்க்க எனக்கு தைரியம் வரவில்லை.

திவ்யலட்சுமி


வலியசாலை
12 மே 2024

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

கிரீஷ் வணக்கம். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நேற்று விழிஞ்ஞம் வரை வந்தேன். துறைமுகக் கேட்டுக்கு வெளியே நின்று உங்கள் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். வாயால் சொல்ல வரவில்லை, திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

ஆறாவது பாட்டில் உடையவில்லை. அதன் கணக்கு வந்ததும் முதலில் எனக்குப் புரியவில்லை. நைட்ரஜனின் கனம் அச்சு அசலாக உங்கள் கிணறு. ஆனால் நைட்ரேட்டின் அளவு கிணற்றைப்போல் இரண்டு மடங்கு. இது எந்த இடத்துத் தண்ணீர் என்று விழித்தேன். பிறகு தண்ணீரையே எடை பார்த்தேன், அதிலும் லேசானது, கனமானது என்று உண்டு. கிணற்றைவிடக் கனத்திருந்தது, அதாவது லேசான பங்கு ஆவியாகப் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அக்காவின் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பாதியாகச் சுண்டக் காய்ச்சினேன் என்று எழுதியிருந்தாள்.

காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டுக்கு உயிர் இல்லை, அது சாகாது. தண்ணீர்தான் போகும், அது அப்படியே நிற்கும். பாதியாகச் சுண்டினால் இரண்டு பங்கு. வலியசாலையில் அம்மா காய்ச்சியது குழாய்த் தண்ணீர், அதில் ஒன்றும் இல்லை, நாங்கள் பிழைத்தோம். அங்கே அவள் கவனமாகக் காய்ச்சக் காய்ச்ச அதுவே கூடிக்கொண்டு போயிருக்கிறது.

அவளிடம் பொய் எழுதிவிட்டேன், அதையும் பிடித்துவிட்டாள். நான் என்ன செய்ய அத்தான்?

கிரீஷ்


விழிஞ்ஞம்
19 மே 2024

அன்புள்ள கிரீஷ்,

ஆதர்ஷ் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் படித்தது எல்லாம் மலையாளம், தமிழ் எழுதி நாளாச்சு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துச் சுற்றினேன். அவள் காய்ச்சும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று ஒரு நாள் சொன்னேன். "பிள்ளையைவிட கேஸ் பெரிசா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

சொல்லாதே மாப்பிள்ளை. உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். ஜெபசிங்கைத் திட்டும் தெம்பில்தான் அவள் எழுந்து நடமாடுகிறாள், இரண்டு வாய் சாப்பிடுகிறாள். அவருக்குச் செய்வது அநியாயம், எனக்குத் தெரியும். போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "தங்கச்சி திட்டட்டும், எனக்கு ரெண்டு செவி உண்டு" என்றார். குலையை எல்லாம் நெடுமங்காடு சந்தைக்குக் கொண்டுபோகிறாராம். அவர் தாங்குவார். அவள் தாங்கமாட்டாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை இனி ஒரு குழந்தையும் குடிக்கப்போவதில்லை. பிறகு யாருக்காகச் சொல்லவேண்டும்?

ஆதர்ஷ்


வலியசாலை
20 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

மழை ஆரம்பித்துவிட்டது. கிள்ளியாற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. உங்கள் பக்கம் மண் சரியாமல் இருக்கவேண்டும். நீ எழுதி ஒரு மாதத்துக்கு மேலாகிறது, பதில் போட நான்தான் தாமதம்.

பாட்டில் உடைந்தது என்று எழுதியது என் தவறு. மூடி சரியாக இறுகாமல் தண்ணீர் ஒழுகிவிட்டதாம். பிரஜினைக் கோபிக்காதே. இருந்திருந்தாலும் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. எலிசாளின் பேத்தியைப் பற்றிக் கேட்டாய். ஒரு குழந்தைக்கு ஒத்துக்கொள்வது இன்னொரு குழந்தைக்கு ஒத்துக்கொள்வதில்லை. அன்று கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருந்ததோ, யாருக்குத் தெரியும்? மெஷின் எல்லாவற்றையும் சொல்லாது, அக்கா. இதை இத்துடன் விட்டுவிடேன்.

பொன்னாங்கண்ணிக்கீரை இங்கே மலிவு, அத்தானிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

கிரீஷ்


வித்துரா
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கிரீஷுக்கு,

இரண்டு மாதமாக உன்னோடு பேசாமல் இருந்தேன், இப்போது நானே வருகிறேன். உடம்பு தேறியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே முகம் தெரிகிறது. உனக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கவேண்டும், பரோட்டாவிலிருந்து காப்பாற்ற.

காரணம் பேச்சியின் மகள். பேச்சி மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டாள், பிள்ளைக்குப் புட்டிப்பால்தான். ஒரு நாள் மழையில் பிள்ளையைச் சுருட்டிக்கொண்டு வந்து, "எக்கா, ஒரு மணி நேரம் பாத்துக்கிடுவியளா?" என்று என் மடியில் வைத்துவிட்டு ஓடினாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. பத்து நாளாகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை என்னிடம்தான் இருக்கிறது. இந்த மாதம் அத்தான் வரவில்லை, கப்பல் வந்திருக்கிறதாம், லீவு இல்லை. அவர் வந்தால் அதிசயப்படுவார்.

நீ பயப்படாதே. கிணற்றுத் தண்ணீரை அதன் உதட்டில்கூடப் படவிடுவதில்லை. நீ நல்லது என்று சொன்ன பாறை ஊற்றிலிருந்துதான் தினமும் ஒரு குடம் சுமந்து வருகிறேன். அதையும் நான் நம்பவில்லை. சாம்புவுக்குப் பாதியாகத்தானே சுண்டவைத்தேன்? அது போதவில்லை. இதற்குக் காலாகச் சுண்டும்வரை அடுப்பை அணைப்பதில்லை. பேச்சி, "இம்புட்டு எதுக்குக்கா?" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? இரண்டு நாளாகப் பிள்ளை கொஞ்சம் சோர்ந்து கிடக்கிறது, மழைக்காலம், சளியாக இருக்கும்.

கிரீஷ், ரொம்ப நாளுக்குப் பிறகு நேற்று அடித்துப்போட்டாற்போலத் தூங்கினேன்.

உன் அக்கா,
திவ்யா


திருவனந்தபுரம்
22 ஆகஸ்ட் 2024

அக்கா,

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் நான் வாயைத் திறந்தபோது, "பேசாதே, பேசினால் பொய் சொல்லுவாய். எழுதிக்கொண்டு வா" என்றாய். வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளை தப்பிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். அதை முதலில் எழுதவேண்டும்.

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. 'காலாகச் சுண்டும்வரை' என்ற இடத்தில் அதைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். உன் போன் அரிசிப் பானைக்குள். அத்தான் எடுக்கவில்லை. பிரஜினிடம் ஜெபசிங்கின் நம்பர் இருந்தது. அவரிடம், "ஓடுங்கள், அந்தப் பாலைப் பிடுங்குங்கள், ஏன் என்று கேட்காதீர்கள்" என்று கத்தினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

ஊற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், அக்கா. எடுத்தபடியே லேசாகக் கொதிக்கவைத்துக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நைட்ரேட் கொதித்தால் போகாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். காலாகச் சுண்டினால் மிச்சத்தில் அது நான்கு பங்கு. பாதியாகச் சுண்டினால் இரண்டு பங்கு.

ஆறாவது பாட்டில் உடையவும் இல்லை, ஒழுகவும் இல்லை. அதில் கிணற்றில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும்.

கிணற்றுத் தண்ணீரே அளவுக்கு மேலேதான். நீ காய்ச்சாமல் கொடுத்திருந்தாலும் சாம்புவுக்கு அப்படி ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம். அதை எந்த மெஷினாலும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். நீ இதைத் தாங்கமாட்டாய் என்று நான் பயந்தேன். நீ பிழைத்துக் கிடந்தால் போதும் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை, அதுதான் நான் செய்த பாவம்.

கிரீஷ்


வித்துரா
10 செப்டம்பர் 2024

அன்புள்ள கிரீஷ்,

நான் நன்றாக இல்லை. நீயும் நன்றாக இருக்கமாட்டாய்.

அன்று நடந்ததை நீயும் தெரிந்துகொள்ளவேண்டும். பிள்ளையை மடியில் போட்டுப் புட்டியை வாயில் வைத்தேன், ஜெபசிங் செருப்புக் காலோடு வீட்டுக்குள் வந்துவிட்டார். "தங்கச்சி, குடுக்காத, குடுக்காத, உன் தம்பி விளிச்சான்" என்று மூச்சிரைக்கக் கையை நீட்டினார். என் பிள்ளையைக் கொன்றது போதாதா என்று கத்தி, அவர் கையைப் பிராண்டி ரத்தம் வரவைத்தேன். அவர் புட்டியைப் பிடுங்கிச் சுவரில் அடித்துவிட்டு, "பிள்ளைக்க சுண்டைப் பாரு" என்றார். அப்போதுதான் உதட்டைப் பார்த்தேன். சாம்புவிடம் பார்த்த அதே நீலம், எனக்குத் தெரிந்த நிறம், கிரீஷ். சளி என்று இரண்டு நாள் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

குலை ஏற்றும் வண்டியில்தான் பட்டணம்வரை ஓட்டினார். வழியெல்லாம் ஒரு கையால் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார், அந்தக் கையில் என் நகக்குறி. ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு நீல நிறத்தில் ஒரு மருந்து ஏற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு சிவந்தது. சாம்புவுக்கு அந்த மருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அத்தான் தானே வந்து எல்லாவற்றையும் சொன்னார், சொல்லிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றினீர்களாம். என்ன காப்பாற்றினீர்கள்? ஏப்ரலில் சொல்லியிருந்தால் நான் செத்துப்போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், உன் பாஷையில்தான் சொல்கிறேன். சொல்லாததால் இன்னொருத்தி பிள்ளையை அதே பாத்திரத்தில், அதே துணியில், அதைவிடக் கூடுதலாக… நீ என் மேல் வைத்த பாசத்துக்கு பேச்சியின் மகள் ஏன் சாகவேண்டும்? உன்மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. அது இருக்கட்டும். உன்னை வெறுக்க முடியவில்லை, அதுவும் இருக்கட்டும்.

பேச்சிக்கு யாரும் சொல்லவில்லை. வார்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நர்ஸிடம் எல்லாம், "எக்காதான் எம்புள்ளைய உசுரா வச்சிருந்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் கறிவேப்பிலை, முருங்கைக்காய் என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் ஒரு வாரம் வாங்கிக்கொண்டேன். நீ எனக்குச் செய்ததை அப்படியே நான் அவளுக்குச் செய்தேன். எவ்வளவு சுலபமாக இருக்கிறது தெரியுமா?

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தண்ணீர் போகும், நஞ்சு நிற்கும் என்று நீ எழுதியதை என் வாயால் சொன்னேன். காலாகச் சுண்டவைத்தது நான் என்று சொன்னேன். தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எக்கா," என்றாள். "அப்போ நம்ம சாம்புக்கும்…?"

"ஆமா பேச்சி. அதுவும் நான் காய்ச்சுனதுதான்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஜெபசிங் வீட்டுக்கும் போனேன், அவர் இல்லை, திரும்பவும் போகவேண்டும்.

இன்று காலையில் பேச்சி வேலைக்குப் போகும்போது பிள்ளையை எலிசாள் வீட்டில் விட்டாள். என் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். தோளில் கிடந்த பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. பேச்சி நிற்கவில்லை. அவளைக் குறை சொல்லமாட்டேன், நானாக இருந்தாலும் பிள்ளையைக் கொடுத்திருக்கமாட்டேன்.

அக்கா